டயட் தொடங்கும் முன்: எத்தனை கிலோ என்று இலக்கு வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, "என்ன சாப்பிடலாம்?" என்பதைத்தான். எத்தனை கிலோ குறைக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் சட்டென்று ஒரு எண் வரும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்குப் பதில் இருக்காது. இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு எல்லாவற்றுக்கும் 163 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் உயரத்தை அந்த இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

1. என் உயரத்துக்கு நான் எத்தனை கிலோ இருக்கணும்? சுத்தி வளைக்காம ஒரே நம்பரா சொல்லுங்க.

ஒரே நம்பர் கிடையாது. ஒரு வரம்புதான் இருக்கிறது, அதுவும் அகலமான வரம்பு. 163 செ.மீ. உயரமுள்ள பெரியவர் ஒருவருக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட ஆரோக்கிய வரம்பு ஏறக்குறைய 49 கிலோவிலிருந்து 66 கிலோ வரை. இரண்டுக்கும் நடுவே 17 கிலோ இருக்கிறது. 51 கிலோ இருப்பவரும் 64 கிலோ இருப்பவரும் அதற்குள்தான் வருகிறார்கள்.

இந்த வரம்புக்குள் நீங்கள் எங்கே இருக்கலாம், உள்ளே வந்தே ஆக வேண்டுமா என்பதையெல்லாம் இடுப்புச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை, வயது, தசை ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

2. பிஎம்ஐ எப்படிக் கணக்குப் போடறது? எனக்குக் கணக்கே வராது.

பிஎம்ஐ என்பது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண், உடல் நிறைக் குறியீடு. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். உயரத்தை மீட்டரில் எழுதுங்கள்: 1.63. அதை அதாலேயே பெருக்குங்கள்: 1.63 × 1.63 = 2.66. இப்போது எடையை இந்த எண்ணால் வகுங்கள். 82 கிலோ என்றால் 82 ÷ 2.66 = 30.8. இதுதான் பிஎம்ஐ. உயரம் அடியில்தான் தெரியும் என்றால் மொத்த அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர் வந்துவிடும். 5 அடி 4 அங்குலம் என்பது 64 அங்குலம், அதாவது 162.6 செ.மீ.

பெரியவர்களுக்கு இயல்பான பிஎம்ஐ 18.5-லிருந்து 25-க்குள். இதையே தலைகீழாகப் போட்டால் முதல் பதிலில் சொன்ன எடை வரம்பு கிடைக்கும். 2.66-ஐ 18.5-ஆல் பெருக்கினால் கீழ் எல்லை 49 கிலோ. 25-ஆல் பெருக்கினால் மேல் எல்லை 66 கிலோ சொச்சம்.

உயரத்தை மட்டும் தயவுசெய்து புதிதாக அளந்துகொள்ளுங்கள். அடையாள அட்டையில் இருப்பதையோ பள்ளியில் கடைசியாக அளந்ததையோ நம்ப வேண்டாம். செருப்பில்லாமல் குதிகாலும் முதுகும் சுவரை ஒட்டியிருக்க நின்று, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடிப்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் யாரையாவது பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். 2 செ.மீ. கூட்டிச் சொன்னாலே மேல் எல்லை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நகர்ந்துவிடும். வயதானவர்களுக்கு உயரம் கொஞ்சம் குறைந்தும் இருக்கும்.

3. சிலர் 25 வரைக்கும் ஓகேங்கறாங்க, சிலர் 23-ஐத் தாண்டினாலே ஆபத்துங்கறாங்க. யார் சொல்றதைக் கேக்கறது?

இரண்டுமே உலக சுகாதார அமைப்பிலிருந்து வந்தவைதான். அதன் பொதுவான வகைப்பாட்டில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25-லிருந்து அதிக எடை, 30-லிருந்து உடல் பருமன். ஆசிய மக்களுக்கு அதே பிஎம்ஐ-யில் உடல் கொழுப்பு கூடுதலாக இருப்பதையும், சர்க்கரை நோயும் இதய நோயும் முன்னதாகவே தலைகாட்டுவதையும் அந்த அமைப்பின் நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்தது. 2004-ல் வெளியான அதன் அறிக்கை பொது வகைப்பாட்டை மாற்றவில்லை. ஆசியர்களுக்குக் கவனம் தேவைப்படும் புள்ளிகளாக 23-ஐயும் 27.5-ஐயும் கூடுதலாகச் சேர்த்தது.

ஆசிய வம்சாவளியினர் என்றால், அதிலும் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ சர்க்கரை நோய் இருந்தால், 23-ஐக் கணக்கில் வையுங்கள் என்பேன். 163 செ.மீ. உயரத்துக்கு அது 61 கிலோ. 23-ஐத் தாண்டினால் நோயாளி என்று அர்த்தமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துவிட்டு, எடை இன்னும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அர்த்தம்.

4. உயரத்துல 100-ஐக் கழிச்சா வர்றதுதான் சரியான எடைன்னு எங்க தாத்தா காலத்துலேர்ந்து சொல்றாங்களே?

தாத்தாவுக்கும் முந்தைய கணக்கு அது. 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா பெயரில் வழங்குவது. 163-க்கு 63 கிலோ வரும். நடுத்தர உயரத்துக்கு மோசமில்லை. ரொம்பக் குட்டையானவர்களுக்கும் ரொம்ப உயரமானவர்களுக்கும் தடம் மாறிவிடும்.

இணையத்தில் 'ஐடியல் வெயிட்' என்று தேடினால் வருகிற கால்குலேட்டர்கள் பலவற்றில் இருப்பது டெவின் என்பவரின் 1974-ஆம் ஆண்டுச் சூத்திரம். அதில் 163 செ.மீ. பெண்ணுக்கு 55 கிலோவும் ஆணுக்கு 60 கிலோவும் வரும். அந்தச் சூத்திரம் போடப்பட்டது சில மருந்துகளின் அளவை நிர்ணயிக்க. டயட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது! ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் இறப்பு விவரங்களை வைத்துத் தயாரித்த பழைய உயர-எடை அட்டவணைகளும் இன்னும் சுவர்களில் தொங்குகின்றன. ஒரே உயரத்துக்கு 55, 60, 63 என்று மூன்று பதில் வந்தால் குழம்ப வேண்டாம். மூன்றுமே முதல் பதிலில் சொன்ன வரம்புக்குள்தான் விழுகின்றன.

5. எனக்கு எலும்பே கனம். அதனாலதான் எடை அதிகமா காட்டுது. அதைக் கழிச்சுக்கலாமா?

கழிக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. முழு எலும்புக்கூட்டின் எடையே மொத்த உடல் எடையில் ஏழில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் வரும். அகன்ற தோளும் பெரிய மணிக்கட்டும் உள்ளவருக்குச் சில கிலோ கூடலாம். அதற்கான இடம் அந்த 17 கிலோ வரம்பிலேயே இருக்கிறது. பிஎம்ஐ 31 ஆனதற்கு எலும்பைக் காரணம் காட்ட முடியாது.

6. நாலு வருஷமா ஜிம் போறேன். பிஎம்ஐ 27 காட்டுது. அப்ப நான் குண்டா?

பெரும்பாலும் இல்லை. தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்க பிஎம்ஐ-க்குத் தெரியாது. எடையும் உயரமும் மட்டும்தான் அதன் கையில் இருக்கின்றன. இந்த விகிதத்தை 1830-களில் உருவாக்கிய பெல்ஜியக் கணிதவியலாளர் அடால்ஃப் கெட்லே மக்கள் கூட்டத்தின் சராசரியைத்தான் தேடினார், தனி மனிதரின் உடல்நலத்தை அளக்க நினைக்கவில்லை. 'பிஎம்ஐ' என்ற பெயரே 1972-ல்தான் வந்தது.

ஆனால் இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் நடைப்பயிற்சி செய்கிறவரும் "எனக்குத் தசை" என்று சொல்லக் கூடாது. டேப்பை எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பிஎம்ஐ 27, இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்கும் கீழே என்றால், பெரும்பாலும் தசைதான். பிஎம்ஐ 27, இடுப்பும் பாதியைத் தாண்டிவிட்டது என்றால் கொழுப்பு.

7. இடுப்பை எங்க வச்சு அளக்கணும்? பேன்ட் சைஸ் சொன்னா போதாதா?

போதாது. பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார்கள். அந்த சைஸ் பத்து வருடமாக மாறாமல் இருக்கும், தொப்பை மட்டும் முன்னால் வந்துகொண்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி சைஸும் வேறு.

சட்டையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். பக்கவாட்டில் விரலால் அழுத்தி, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். அதேபோல் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். டேப் தோலை ஒட்டியிருக்க வேண்டும், அமுக்கக் கூடாது. முதுகுப் பக்கம் சரிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் அளவைப் படியுங்கள். எக்கிப் பிடித்தால் சில சென்டிமீட்டர் குறையும், யாரையும் ஏமாற்ற அது உதவாது.

உயரத்தில் பாதிக்குக் கீழே இருந்தால் நல்லது. 163 செ.மீ. உயரத்துக்கு 81.5 செ.மீ. ஆசியர்களுக்கென்று தனியாகச் சொல்லப்படும் எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எனக்குப் பிடித்தது 'பாதி' கணக்குதான். நினைவில் நிற்கும், ஆண் பெண் இருவருக்கும் ஒன்றே.

8. எடை நார்மல்தான். ஆனா கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தொப்பை. நான் டயட் இருக்கணுமா?

உங்களுக்கு எடை இலக்கே வேண்டாம், இடுப்பு இலக்கு வையுங்கள். வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு தொடையில் சேரும் கொழுப்பைவிடத் தொல்லை பிடித்தது. சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, கல்லீரல் கொழுப்பு எல்லாவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

இந்த நிலையில் பட்டினி கிடந்து எடையை இறக்கினால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசையும் சேர்ந்து போகும். போதிய புரதமும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சியும்தான் இதற்கு வழி. எடை மெஷினில் எண் அப்படியே நிற்க, டேப்பில் 4 செ.மீ. குறைந்தால் அது வெற்றிதான்.

9. நான் 82 கிலோ. கணக்குப் போட்டா 61 வரணும்னு வருது. 21 கிலோவா! நினைச்சாலே மலைப்பா இருக்கு.

61-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வரம்புக்குள் வருவது வேறு, உடம்பு நன்றாவது வேறு. நன்மை அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடும். இன்றைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு ஆகியவற்றில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். 82 கிலோவில் 5 சதவீதம் 4 கிலோ, 10 சதவீதம் 8 கிலோ. ஆக, உங்கள் முதல் இலக்கு 74-க்கும் 78-க்கும் நடுவே.

இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்தவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2002-ல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும். சராசரியாக மூன்று வருடம் போலப் பின்தொடர்ந்ததில், வழக்கமான அறிவுரையும் மருந்தில்லாத போலி மாத்திரையும் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தது 58 சதவீதம் குறைவு. யாரையும் 'ஐடியல்' எடைக்குக் கொண்டுவந்து நடத்திய ஆய்வல்ல அது. 82 கிலோவுக்கு 7 சதவீதம் என்றால் 6 கிலோவுக்கும் குறைவு.

74-ஐத் தொட்டதும் சில மாதம் அங்கேயே நின்று பழகுங்கள். ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம் அடுத்த இலக்கு தேவையா என்று பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் தோற்பதற்குக் காரணம் மன உறுதி இல்லாதது அல்ல, முதல் நாளே 21 என்று எழுதி வைத்ததுதான் என்பது என் கணிப்பு.

10. சரி, 8 கிலோ. ஒரே மாசத்துல முடிச்சுடலாமா?

வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ என்பதுதான் பொதுவான அறிவுரை. அப்படிப் பார்த்தால் 8 கிலோவுக்கு இரண்டு முதல் நான்கு மாதம். விசேஷ நாட்கள், காய்ச்சல், பயணம் எல்லாம் குறுக்கே வரும். ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது அதுதான். வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரு நாளைக்கு 800 கலோரிக்கும் கீழான டயட்டெல்லாம் மருத்துவர் கண்காணிப்பில்தான்.

11. 7700 கலோரி குறைச்சா 1 கிலோ குறையும்னு படிச்சேன். அப்ப தினம் 500 குறைச்சா ஒரு வருஷத்துல 23 கிலோ போயிடுமே?

கணக்கு சரி, உடம்புதான் ஒத்துழைக்காது. எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறைகிறது. ஓய்வில் எரியும் கலோரியைக் கணக்கிட இன்று அதிகம் பயன்படும் 1990-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 கலோரி வரும். 10 கிலோ குறைந்தவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கவே தினம் 100 கலோரி குறைவாகப் போதும். நடக்கவும் படியேறவும் ஆகும் செலவும் சேர்ந்து குறையும். முதலில் 500-ஆக இருந்த பற்றாக்குறை சில மாதங்களில் 300, பிறகு 200 என்று சுருங்கும்.

அதனால் ஒரு வருடத்துக்கான எடையை நேர்கோட்டில் வரைந்து இலக்கு வைக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு ஓரளவு உதவும்.

12. இருபது வயசுல 52 கிலோ இருந்தேன். இப்ப வயசு 45. அந்த 52-க்கே போகணும்னு ஆசை.

அந்த 52 உங்கள் வரம்புக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தாலும், அன்றைக்கு இருந்த தசையும் தூக்கமும் வேலையும் இன்று இல்லை. உங்களிடம் நான் கேட்கும் கேள்வி வேறு: இருபத்தைந்துக்குப் பிறகு, பெரிய பாடு இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் நிலையாக நின்ற எடை எது? பலர் கொஞ்சம் யோசித்து 58, 60 என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதையே தொலைதூர இலக்காக வைக்கலாம். பட்டினி கிடந்து இரண்டு வாரம் மட்டும் தொட்ட எடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

13. காலைல 81, ராத்திரி 82.5. எதை ஆரம்ப எடையா எழுதறது?

காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் பார்க்கும் எடை. அதே மெஷின், கெட்டியான தரை, ஏறக்குறைய அதே உடை. ஒரு வாரம் பார்த்துச் சராசரி எடுத்தால் அதுதான் ஆரம்ப எடை. முந்தைய இரவு உப்பு கூடினாலோ, மாதவிடாய் நெருங்கினாலோ ஒன்றிரண்டு கிலோ ஏறித் தெரியும், அது கொழுப்பு இல்லை.

14. கால் வச்சா கொழுப்பு சதவீதம் காட்டற மெஷின் வாங்கியிருக்கேன். அதை வச்சு இலக்கு வைக்கலாமா?

போக்கைப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். இலக்கு வைக்க நம்ப வேண்டாம். அது மெல்லிய மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தால் ஒன்று, வியர்த்தால் ஒன்று என்று எண் மாறும்.

15. பையனுக்கு 12 வயசு, பிஎம்ஐ 22. நார்மல்தானே?

பெரியவர்களின் அட்டவணையைக் குழந்தைகளுக்குப் போடக் கூடாது. பெரியவருக்கு 22 இயல்பு. உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி 12 வயதுப் பையனுக்கு அதே 22 அதிக எடைப் பகுதியில் விழும்.

அதற்காக அவனுக்குக் கிலோ இலக்கு வைக்காதீர்கள். அவன் உயரப் போகிறான். எடை ஏறாமல் நின்றாலே உயரம் கூடும்போது பிஎம்ஐ தானாக இறங்கும். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், மொத்த வீட்டின் சாப்பாட்டையும் மாற்றுங்கள். அவனை மட்டும் தனியாக உட்கார வைத்து டயட் கொடுப்பதும், தினம் மெஷினில் ஏற்றுவதும் வேறு சிக்கல்களில் கொண்டுபோய் விடும்.

16. அம்மாவுக்கு 72 வயசு, பிஎம்ஐ 26. குறைக்கச் சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். இந்த வயதில் எடை குறைந்தால் தசையும் எலும்பின் வலுவும் சேர்ந்து குறையும், விழுந்தால் எழுவது கஷ்டம். மூட்டு வலி, சர்க்கரை போன்ற காரணம் இருந்து மருத்துவர் சொன்னால் மட்டும், அதுவும் தசைப் பயிற்சியோடு சேர்த்து, மெதுவாக.

அம்மா முயற்சி எதுவும் செய்யாமலேயே எடை குறைகிறதா என்பதில் கண் வையுங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம், அதாவது 60 கிலோவில் 3 கிலோ, காரணமில்லாமல் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இது எந்த வயதினருக்கும் பொருந்தும்.

17. கர்ப்பமா இருக்கேன், ஏற்கெனவே எடை அதிகம். இப்பவே குறைச்சா நல்லதுதானே?

இப்போது குறைக்கும் டயட் வேண்டாம். எவ்வளவு ஏறலாம் என்பதுதான் இப்போதைய இலக்கு. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பத்துக்கு முன் பிஎம்ஐ இயல்பாக இருந்தவர்களுக்கு 11.5 முதல் 16 கிலோ, 30-ஐத் தாண்டியவர்களுக்கு 5 முதல் 9 கிலோ. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர் சொல்லட்டும். பிரசவத்துக்குப் பிறகும் உடம்பு தேறிய பின்தான் 9-வது பதிலுக்குத் திரும்ப வேண்டும்.

18. சுகர் மாத்திரை சாப்பிடறேன். நானே ஒரு இலக்கு வச்சு டயட் ஆரம்பிச்சுடலாமா?

இலக்கு வைக்கலாம், மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் மயக்கமே வரலாம். எடை குறையும்போது ரத்த அழுத்த மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும்.

தைராய்டு குறைபாடு இருந்தாலோ ஸ்டீராய்டு எடுத்தாலோ அதையும் சொல்லுங்கள். அவை எடையை ஏற்றிப் பிடிக்கும். காரணத்தைக் கவனிக்காமல் இலக்கை மட்டும் துரத்தினால் உங்கள் மேலேயே உங்களுக்குக் கோபம் வரும்.

19. என் பிஎம்ஐ 19.5. இன்னும் ஒரு 4 கிலோ குறைச்சா முகம் எடுப்பா இருக்கும்னு தோணுது.

163 செ.மீ. உயரத்தில் 19.5 என்றால் 52 கிலோ. நான்கைக் கழித்தால் 48, பிஎம்ஐ 18. கீழ் எல்லைக்கும் கீழே. அந்த இலக்குக்கு நான் உதவ மாட்டேன். எடை மிகக் குறைந்தால் மாதவிடாய் நிற்கலாம், எலும்பு அடர்த்தி குறையும், முடி கொட்டும்.

சாப்பிட்ட பின் குற்ற உணர்ச்சி, ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது, மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் நம்ப முடியாமல் இருப்பது — இதில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் மெஷினை எடுத்து வைத்துவிட்டு, மனநல மருத்துவரிடமோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ பேசுங்கள். இது சிகிச்சை உள்ள பிரச்சினை.

20. 82-லேர்ந்து 76 வந்துட்டேன். இலக்கு 74. ஆறு வாரமா நகரவே மாட்டேங்குது. சாப்பாட்டை இன்னும் குறைக்கட்டுமா?

குறைப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, வாரச் சராசரிதான் நிற்கிறதா, அல்லது 13-வது பதிலில் சொன்ன ஏற்ற இறக்கத்தில் ஒரு நாள் எண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்களா? இரண்டு, இடுப்பு குறைகிறதா? குறைந்தால் எதுவும் நிற்கவில்லை. மூன்று, இப்போது சாப்பிடும் அளவு 76 கிலோ உடம்புக்குச் சரியான அளவாகவே ஆகிவிட்டிருக்கலாம். 11-வது பதிலில் சொன்ன சுருங்கும் பற்றாக்குறை இதுதான்.

82-லிருந்து 76 என்பது 7 சதவீதத்துக்கும் மேல். 9-வது பதிலில் சொன்ன ஆய்வில் வைத்த இலக்கை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மூன்று மாதம் 76-ஐ ஏறாமல் பிடித்து வையுங்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பாருங்கள். அவை சீராக இருந்து, பசியும் தூக்கமும் ஒழுங்காக இருந்தால் 76-லேயே நின்றுகொள்ளலாம். சீராக இல்லையென்றால் 74-க்கான அடுத்த கட்டத்தைச் சாப்பாட்டைக் குறைப்பதில் தொடங்காமல் தசைப் பயிற்சியில் தொடங்குங்கள்.